ஒரே நாளில் அடை வைப்போம்

நெசவுக் குடும்பமாயினும் உழவுக் குடும்பமாயினும், நாலு கோழி இல்லாத வீடு நம்மிடையே குறைவு. தறியில் பாவு இல்லாத நாட்களிலும், அறுவடைக்கு முந்திய வறண்ட மாதங்களிலும், முட்டையும் சேவலும் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பதை நாம் அறிவோம். ஆயினும் இவ்வருவாயில் ஒரு பெரும் பங்கு நம் கைக்கு வருமுன்னரே அழிந்து போகிறது. பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்து, எட்டுக் குஞ்சுகளைக் கண்டு மகிழ்ந்து, இறுதியில் மூன்று கோழிகளை மட்டுமே வளர்த்தெடுத்த அனுபவம் பலருக்கும் உண்டு. இதை விதி என்று விட்டுவிடுதல் தகாது. இந்நஷ்டம் பெரும்பாலும் தடுக்கக் கூடியதே. அதற்கான வழிகளுள் பல, அவரவர் வீட்டில் தனியே செய்யக் கூடியவை. மிக முக்கியமான ஒன்று மட்டும் தெருவார் ஒன்று கூடினால்தான் எளிதில் கைகூடும். அவற்றை முறையே காண்போம்.

முட்டையைத் தேர்தல்

சேவலோடு கூடிய கோழியின் முட்டையே குஞ்சு பொரிக்கும். கடையில் விற்கும் பண்ணை முட்டைகள் சேவலின்றிக் கூண்டில் வளரும் கோழிகள் இட்டவை. அவற்றை எத்தனை நாள் அடை வைத்தாலும் பயனில்லை. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் இருத்தல் வேண்டும்.

நடுத்தர அளவும், ஒழுங்கான வடிவமும், கீறலற்ற ஓடும் உடைய முட்டைகளையே எடுக்க வேண்டும். அவற்றைக் கழுவலாகாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சே நுண்துளைகளின் வழியே கிருமி புகாதபடி காக்கிறது. கழுவினால் அப்பூச்சு போய்விடும். முட்டைகளை ஈரமணலின் மேல் வைத்த மண்பானையில், கூர்முனை கீழாக இருக்குமாறு சேமிக்கலாம். குளிர்ந்த காலத்தில் ஏழு நாட்களுக்கு மேலும், கோடையில் மூன்று நான்கு நாட்களுக்கு மேலும் வைத்திருத்தல் கூடாது. கடும் வெயிலில் அறையின் வெப்பத்தாலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும்.

அடை வைத்தல்

அடைக்கும் தாய்மைக்கும் நமது சிறுவிடைக் கோழி மிகவும் ஏற்றது. மனித நடமாட்டம் குறைந்த, தறியின் அதிர்ச்சி எட்டாத மூலையில் கூடையை வைத்து, மணலும் வைக்கோலும் பரப்ப வேண்டும். கோழியின் இறகுகளுக்கிடையே பேன், செள் இல்லாதிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சிக்கடி பொறாமல் அடையை விட்டு எழுந்து போகும் கோழிகள் உண்டு. ஒரு கோழிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகள் போதும். எல்லா முட்டைகளையும் ஒரே வேளையில், மாலையில் வைத்தால் இருளில் கோழி அமைதியாக அமர்ந்துவிடும்.

முட்டைகளைத் திருப்பும் வேலையைக் கோழி தானே செய்யும். அவ்வாறு திருப்பாவிடில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறக்கும். நாள்தோறும் ஒருமுறை கோழி எழுந்து இரையும் நீரும் கொள்ள வேண்டும். அவற்றை அருகிலேயே வைத்தல் நலம்.

ஏழாம் நாள் சோதனை

ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கரும்புள்ளியிலிருந்து சிலந்திக் கால்கள் போல் சிவந்த நரம்புகள் பரவியிருந்தால் கரு உயிரோடு வளர்கிறது என்று கொள்ளலாம். ஒன்றும் தோன்றாமல் தெளிவாக இருப்பது கரு இல்லாத முட்டை. சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அவை அழுகி வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகள் வெளிவரும். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சு வெளிவரப் பல மணி நேரம் ஆகலாம். இரக்கத்தால் ஓட்டை உரித்து உதவலாகாது. சவ்விலுள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்பு முன் உரித்தால், இரத்தப் பெருக்கால் அது மாளும்.

குஞ்சுகளுக்கு முன்னேற்பாடு

இருபதாம் நாளைக்குள் இடம் ஆயத்தமாக வேண்டும். தரையில் இரண்டு அங்குல உயரம் நெல் உமி பரப்புக. பூனை, கீரி, காகம், பருந்து ஆகியவை அணுகாதபடி பஞ்சாரமும் வலையும் வேண்டும். தாய் இருந்தால் அதன் சிறகே வெப்பம் தரும். தாய் இல்லாவிடில், முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்குமாறு மின்விளக்கு அமைத்து, வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கிக் கிடந்தால் குளிர் என்றும், விலகி ஓடினால் வெப்பம் மிகுதி என்றும் அறியலாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு விழுந்து இறக்காது. உடைத்த கம்பும் அரிசி நொய்யும் முதல் நாட்களுக்கு நல்ல இரை. பின்னர்க் குஞ்சுத் தீவனம் தரவேண்டும். பூஞ்சை பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் ஒருபோதும் இடலாகாது.

வெள்ளைக் கழிச்சல்

மேற்கூறிய யாவற்றையும் செய்தும், சில நாட்களில் பஞ்சாரத்தையே காலியாக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே வெள்ளைக் கழிச்சல். இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்றும் வழங்கும் இதற்கு, வந்தபின் மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி. ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறையும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம்.

இங்குதான் தனி வீட்டாருக்கு இடையூறு நேர்கிறது. இம்மருந்து நூறு, இருநூறு குஞ்சுகளுக்கு உரிய அளவில்தான் பெரும்பாலும் ஒரு புட்டியில் வருகிறது. அதைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எட்டுக் குஞ்சுகளுக்காக ஒரு புட்டியை யார் உடைப்பார்? ஆகவே மருந்து போடாமலே விடுகிறோம்; கழிச்சல் வந்து, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பரவுகிறது.

கூட்டாகச் செய்வோம்

இதற்கு நாம் கூறும் யோசனை எளியது. ஒரு தெருவில் பத்து வீட்டார் பேசிவைத்து ஒரே மாலையில் அடை வைக்கட்டும். நூற்றிருபது முட்டைகளில் முக்கால் பங்கு பொரித்தாலும் தொண்ணூறு குஞ்சுகள், எல்லாம் ஒரே வயது. ஒரே புட்டி மருந்து, ஒரே காலைப் பொழுதில், எல்லா வீட்டுக் குஞ்சுகளுக்கும் ஆகிவிடும். அங்கத்தினர் ஒருவர் கால்நடை மருந்தகத்துக்குச் சென்று வந்தால் போதும். செலவைப் பங்கிட்டால் ஒருவருக்கும் பாரமில்லை.

வேறு நன்மையும் உண்டு. ஏழாம் நாள் சோதனையில் முட்டைகள் குறைந்துபோனால், இரண்டு கூடைகளில் எஞ்சியவற்றை ஒரு கோழியிடம் சேர்த்துவிடலாம். விடுபட்ட கோழி விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

நூலை ஒன்றாக வாங்கவும் துணியை ஒன்றாக விற்கவும் கற்றவர்கள் நாம். விதையையும் உரத்தையும் அவ்வாறே பெறுகிறோம். அடை வைக்கும் நாளையும் ஒன்றாகக் குறிப்பது நமக்கு அரிய காரியமன்று. அடுத்த சங்கக் கூட்டத்தில், தெருவுக்கு ஒரு நாள் குறித்து, மருந்து கொண்டுவரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்போமாக.