திட்டங்கள் ஏன் தாமதமாகின்றன?

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் நின்றவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள். மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் விழாமல் பட்டை வழியே வழிந்து வீணாகும். மழை யாருடைய குற்றமும் அன்று. ஆனால், மழை விட்ட பிறகும் உளி தீட்டப்படாமல், மங்கு கழுவப்படாமல் கிடந்தால் அந்தத் தாமதத்துக்கு வானத்தைக் குறைகூற முடியுமா? மழையைப் போல வெளியிலிருந்து வருவது புறக்காரணி. தீட்டாத உளியைப் போல நமக்குள்ளேயே இருப்பது அகக்காரணி.

பின்னாளில், வெட்டும் இடத்துக்கு மேலே மழைத்தடுப்பு கட்டும் முறை வந்தது. மழை நிற்கவில்லை, வேலை நின்றுபோகும் நாள்கள்தாம் குறைந்தன.

பெரிய திட்டங்களில் இவ்விரு காரணிகளையும் இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடிவதில்லை. ஒன்று மற்றொன்றைப் பெரிதாக்கிவிடும். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டம் இதற்குத் தக்க சான்று.

மலாக்கா நகருக்கு ஒரு காலத்தில் இரயில் இருந்தது. தம்பினிலிருந்து நகருக்கு வந்த கிளைப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் தங்கள் ஆட்சிக் காலத்தில் பெயர்த்து, சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டதும் அதே பாதையில்தான். அதன்பின் நகருக்கு இரயில் திரும்பவே இல்லை. ஆகவே, 2013 பிப்ரவரியில் அதிவேக இரயில் அறிவிக்கப்பட்டு, அதன் நிலையங்களுள் ஒன்று ஆயர் குரோவில் அமையும் என்று பின்னர்த் தெரியவந்தபோது இங்கே எதிர்பார்ப்பு பெருகியது இயல்பே.

2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. பாதையின் நீளம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்; பயண நேரம் 90 நிமிடம்; சேவை தொடங்க வேண்டிய ஆண்டு 2026. 2018-இல் மலேசியாவில் ஆட்சி மாறியது. நாட்டின் கடன் சுமையைக் கருத்தில் கொண்ட புதிய அரசாங்கம் திட்டத்தை மறுஆய்வு செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பணிகளை 2020 மே இறுதிவரை ஒத்திவைக்க இரு தரப்பும் இணங்கின. அதற்கான செலவாக மலேசியா ஏறக்குறைய 15 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தது.

ஒத்திவைப்புக் காலம் முடிவதற்குள் கோவிட் பெருந்தொற்று வந்தது. கெடு 2020 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. பொருளாதாரப் பாதிப்பைக் காரணமாகக் காட்டி மலேசியா சில மாற்றங்களை முன்வைத்தது. இரயில்களையும் அவற்றை இயக்கும் முறைமையையும் இரு நாடுகளுக்கும் பொதுவாகக் கவனிக்க வேண்டிய நிறுவனத்தைக் கைவிடும் யோசனையும் அவற்றுள் ஒன்று. சிங்கப்பூர் அதனை ஏற்கவில்லை. இணக்கம் எட்டப்படாமலேயே கெடு கடந்தது, ஒப்பந்தம் காலாவதியானது. 2021-இல் மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு செலுத்தியது.

பெருந்தொற்றுதான் திட்டத்தை முடித்துவிட்டது என்று கூறுவோர் உண்டு. அது பாதி உண்மையே. பெருந்தொற்று நெருக்கடியைக் கொடுத்தது; ஆனால், திட்டம் நின்றது அதனை எவ்வாறு நடத்துவது என்பதில் ஒருமித்த முடிவு இல்லாததால். இதில் பாராட்டத்தக்க ஒன்றும் இருக்கிறது. விலகினால் யார், எதற்குப் பொறுப்பு என்பது முன்பே எழுதப்பட்டிருந்ததால் இரு நாடுகளும் சச்சரவின்றிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டன.

கிம்மாஸ்–ஜொகூர் பாரு இரட்டைத் தண்டவாளத் திட்டத்தையும் அதே பெருந்தொற்று தாக்கியது. 2018-இல் தொடங்கிய அதன் கெடுவும் தள்ளிப்போனது. எனினும், என்ன கட்டுவது, யார் கட்டுவது என்பவை உறுதியாகியிருந்தன. பாதை முழுவதும் முடியும்வரை காத்திராமல், 2025-இல் முதலில் சிகாமட் வரைக்கும், பிறகு குளுவாங் வரைக்கும், ஆண்டிறுதியில் ஜொகூர் பாரு வரைக்கும் மின்சார இரயில் சேவை நீட்டிக்கப்பட்டது. தாமதமான திட்டமாயினும் முடிந்த பகுதி மக்களுக்குப் பயன்பட்டது.

உங்கள் பள்ளியில் தமிழ்மொழிக் கழகம் திடலில் விழா நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மழை வந்தால் மண்டபத்துக்கு மாறலாம் என்பது பலருக்கும் தோன்றும். மாறுவது என்று யார், எத்தனை மணிக்கு முடிவு செய்வார் என்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். செயலவைக் கூட்டக் குறிப்பில் அந்த ஒரு வரி இருந்தால் போதும்; நாற்காலிகள் நனைவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும்.

அதிவேக இரயிலைத் தனியார் முதலீட்டில் கட்டுவதற்கான பரிந்துரைகளை மலேசியா 2023-இல் கோரியது. மலாக்கா நகரவாசிகள் இரயில் ஏற இன்றும் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள பூலாவ் செபாங் நிலையத்துக்குத்தான் செல்கின்றனர்.