பால் காய்ச்சலும் தசையின் தாழ்ப்பாளும்

நமது சங்க அங்கத்தினரில் தறியை நம்பி வாழ்வோரும் உண்டு. கறவை மாட்டை நம்பி வாழ்வோரும் உண்டு. குருவராஜப்பேட்டை நெசவாளியின் கால் தறிமிதியை அழுத்துவதும், அரக்கோணம் வட்டத்து உழவர் வீட்டுப் பசு எழுந்து நிற்பதும் ஒரே விதியால் நடைபெறுகின்றன. அவ்விதியை அறிந்தால், கன்று ஈன்ற பசு திடீரென விழும்போது நாம் செய்யவேண்டியதும் விளங்கும்.

தசைக்குள் மெல்லிய இழை, தடித்த இழை என இருவகைப் புரத இழைகள் உள்ளன. தடித்த இழை மெல்லிய இழையைப் பற்றி இழுத்தால் தசை சுருங்கும். ஓய்வு நேரத்தில் பற்றுமிடங்களை டிரோப்போமயோசின் என்னும் புரதம் மூடிக் கிடக்கிறது. அம்மூடியின் தாழ்ப்பாள் போன்றது டிரோப்போனின். இதனை 1965ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் எபாஷியும் கொடாமாவும் எடுத்துக்காட்டினர். நரம்பின் கட்டளை வந்ததும், தசையிலுள்ள நுண்பைகளிலிருந்து கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து வெளிப்பட்டு டிரோப்போனினில் ஒட்டுகிறது, மூடி விலகுகிறது, தசை சுருங்குகிறது. கட்டளை நின்றதும் கால்சியம் பைகளுக்குத் திரும்புகிறது, தசை தளர்கிறது. நெசவாளி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் நிகழ்வது இதுவே.

தசைக்குள்ளேயே கால்சியம் சேமிப்பில் இருக்க, பசு விழுவானேன்? நரம்பின் முனை தன் கட்டளையைத் தசைக்கு அளிக்க, இரத்தத்திலிருந்து வரும் கால்சியமும் வேண்டும். கன்று ஈன்றதும் அச்சத்து சீம்பாலில் மிகுதியாகச் சென்றுவிடுகிறது. எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் அதனை உடனே ஈடுசெய்ய இயலாத பசுவுக்குக் கட்டளை தசையை எட்டுவதில்லை, கால்கள் துவள்கின்றன.

இதனைப் பால் காய்ச்சல் என்கிறோம். ஆயினும் உடல் சுடுவதில்லை. காதுகள் குளிர்ந்திருக்கும், பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும். பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள், பலமுறை ஈன்ற, அதிகப் பால் தரும் பசுக்களுக்கே இது வருகிறது.

அப்போது தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். அவர் வரும்வரை பசுவைப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கவிடாமல், நெஞ்சின்மீது நிமிர்ந்து படுக்குமாறு வைக்கோல் மூட்டைகளால் முட்டுக் கொடுக்கலாம். வாயில் நீரோ மருந்தோ ஊற்றலாகாது. அது நுரையீரலில் புகக்கூடும். மருத்துவர் கால்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாகவே செலுத்துவார். இதயத் தசையும் கால்சியத்துக்குக் கட்டுப்பட்டதாகையால், வேகமாகச் செலுத்தினால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே ஊசியை நாமே போட முயலலாகாது. உரிய காலத்தில் மருந்து பெற்ற பசு பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.