கடலோரம் தந்த அமைச்சர்

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில், குளச்சல் தொகுதி மக்கள் கடற்கரைச் சமூகத்துக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். அவரே திருமதி லூர்தம்மாள் சைமன்.

பெருந்தலைவர் காமராசர் 1957இல் அமைத்த எண்மர் அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். உள்ளாட்சித்துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறியதே. ஊராட்சி ஒன்றியங்கள் அச்சட்டத்தின் வழியாகவே உருப்பெற்றன. சிற்றூரின் குடிநீர், தெருவிளக்கு, பாதை ஆகியவற்றை ஊர்மக்களின் பிரதிநிதிகளே கவனிக்கும் முறை அதனால் வலுப்பெற்றது.

1962இல் அவரது பதவிக்காலம் நிறைவுற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏடு வெளியிட்டது. உலகக் காரியங்களை இறைத்திட்டத்திற்கேற்பச் சீர்செய்வது அவர்களுக்கே உரிய கடமை என அது கற்பித்தது. அக்கடமையில் நம் கடலோர அன்னை முன்னரே அடியெடுத்து வைத்துவிட்டார்!

இன்று தமிழக ஊராட்சிகளில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. ஆயினும், தேர்தலில் மனைவி வென்றபின் அவரது நாற்காலியில் கணவர் அமரும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. பெற்றோரே, உங்கள் மகள் பொதுப்பணிக்குப் புறப்படும்போது தடுக்காதீர்கள்; செபத்தோடு வழியனுப்புங்கள். அதுவும் ஓர் இறையழைத்தலே.