நாளைக்கு மீன் எங்கே? கணிப்புக்கு மார்க் போடும் சூழலியல்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். வாசிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம், பேச்சு நடையை முழுசா மாத்தல.)

இந்த எபிசோடை உவரி கடற்கரையில உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி கேக்குற இரைச்சல் அலைச் சத்தம். எடிட்டிங்ல எடுக்கப் பார்த்தேன், முடியல, அப்படியே விட்டுட்டேன்.

போன மாசம் பல பேர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருந்தீங்க. "நான் இன்ஜினியரிங் முடிச்சவன், டேட்டா வேலை பார்க்குறேன். காடு, கடல், பறவைன்னு ஆராய்ச்சி பக்கம் வர ஆசை. எனக்கு அங்க இடம் இருக்கா? ஃபெலோஷிப், விருது மாதிரி ஏதாவது உண்டா?"

இருக்கு. அந்தத் துறைக்குப் பேரு அளவுசார் சூழலியல். அதுல இப்போ வேகமா வளர்ற கிளை, சூழலியல் முன்கணிப்பு. வானிலை அறிக்கை நாளைக்கு மழை வருமான்னு சொல்ற மாதிரி, நாளைக்கு ஏரியில பாசி பெருகுமா, அடுத்த மாசம் மரம் எப்போ தளிர் விடும், மீன் எங்க கூடும்னு சொல்றது. விருது, வாய்ப்பு பட்டியலுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, அந்தத் துறை எதைப் பெரிசா மதிக்குதுன்னு புரியணும். அதுக்கு உவரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

ஃபோன்ல வந்த ஒரு வரி

காலையில கரையில ஒரு அண்ணன்கிட்ட பேசிட்டு இருந்தேன். ஃபைபர் வள்ளம் வச்சிருக்கார். ஃபோன்ல வந்த செய்தியைக் காட்டினார். இந்த இறங்குதளத்துல இருந்து இந்தத் திசை, இத்தனை டிகிரி, இத்தனை கிலோமீட்டர், ஆழம் இத்தனை மீட்டர், அட்சரேகை, தீர்க்கரேகை. அவ்வளவுதான்.

"அண்ணே, இது சரியா வருமா?"

"சில நாள் வரும் தம்பி. சில நாள் எண்ணெய்க் காசு கடலோட போயிரும்."

"எத்தனை நாள் சரியா வந்துச்சு, எத்தனை நாள் வரலன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

சிரிச்சார். "எழுதி வச்சு யாருக்கு அனுப்ப?"

இந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

அந்த வரி எப்படி உருவாகுது?

அனுப்புறது ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ். இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம், மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குது, 1999-ல தொடங்கினது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி, சுருக்கமா பி.எஃப்.இசட். தமிழ்லயும் வருது. இந்தியாவுல சாதாரண மக்கள் கைக்கு வர்ற சூழலியல் முன்கணிப்புன்னா முதல்ல இதைத்தான் சொல்லணும்.

இதுல சாட்டிலைட் மீனைப் பார்க்கிறதில்ல. ரெண்டு விஷயத்தைத்தான் பார்க்குது. ஒன்னு, கடல் மேற்பரப்பு வெப்பநிலை. இன்னொன்னு, தண்ணியோட நிறம். தண்ணியில நுண்ணுயிர்ப் பாசிகள் அதிகமா இருந்தா பச்சையம் கூடும், நிறம் மாறும். நம்ம ஓஷன்சாட் வரிசை செயற்கைக்கோள்கள் இதை அளக்குது. பாசி இருக்கிற இடத்துக்கு அதைத் தின்ற சின்ன உயிரினம் வரும், அதைத் தின்ன சாளை, நெத்திலி வரும், அதைத் தின்ன பெரிய மீன் வரும். குளிர்ந்த தண்ணியும் சூடான தண்ணியும் உரசுற எல்லையில இரை சேர்ந்து நிக்கும். அந்த எல்லைக் கோட்டைக் கண்டுபிடிச்சு, பக்கத்து இறங்குதளத்துல இருந்து தூரம் கணக்கு பண்ணி அனுப்புறாங்க.

நம்ம பெரியவங்க நீவாடு பார்த்து, தண்ணி நிறம் பார்த்து, பறவை இறங்குற இடம் பார்த்து சொன்னதும் இதே தர்க்கம்தான். சாட்டிலைட் அதையே பெரிய பரப்புல செய்யுது.

ஆனா மேகம் மூடிட்டா வெப்பநிலையும் நிறமும் சரியா தெரியாது. கடல் மோசமா இருந்தாலோ மீன்பிடித் தடைக்காலமா இருந்தாலோ அறிவிப்பு வராது. கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அதைவிட முக்கியமான ஒன்னு: அந்த வரியில ‘எவ்வளவு உறுதி’ன்னு ஒரு எண் இல்ல. 90 சதவீத வாய்ப்பா, 55 சதவீதமா? எண்ணெய் ஊத்துறவருக்கு ரெண்டும் ஒன்னு இல்லையே.

கணிப்புக்கு மார்க் போடுறது

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இது நானா வச்ச உதாரணம். பத்து நாள் எடுத்துக்கோங்க. அதுல ஆறு நாள் மீன் கிடைச்சுது, நாலு நாள் இல்ல.

முதல் ஆள் தினமும் "90 சதவீதம் கிடைக்கும்"னு சொல்றார். இரண்டாவது ஆள் பெரிசா ஒன்னும் செய்யல. பழைய அனுபவத்தை வச்சு தினமும் "60 சதவீதம்"னு சொல்றார்.

மார்க் போடுற முறை: மீன் கிடைச்சா 1, இல்லேன்னா 0. சொன்ன எண்ணுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி சராசரி எடுக்கணும். இதுக்குப் பேரு பிரையர் ஸ்கோர். குறைவா இருந்தா நல்லது.

முதல் ஆளுக்கு, சரியான நாள்ல 0.01, தப்பான நாள்ல 0.81. பத்து நாள் சராசரி 0.33. இரண்டாவது ஆளுக்கு 0.16, 0.36. சராசரி 0.24. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவரை, அடக்கமா சொன்னவர் ஜெயிச்சுட்டார்.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒன்னு, நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்றதுதான் நேர்மையான கணிப்பு. ரெண்டு, இரண்டாவது ஆள் மாதிரி ஒரு சாதாரண அடிப்படைக் கணிப்பைத் தோற்கடிக்க முடியலேன்னா, உங்க மெஷின் லேர்னிங் மாடல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம ஆபீஸ்ல டெஸ்ட் எழுதாம கோடை ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளினா என்ன ஆகும்? அதே கதைதான்.

ரொம்ப காலமா சூழலியல்ல நடந்ததை விளக்குற மாடல்தான் அதிகம். "2050-ல இந்த இனம் இங்க இருக்காது"ன்னா, சரியா தப்பான்னு பார்க்க 2050 வரைக்கும் காத்திருக்கணும். பாஸ்டன் பல்கலைக்கழகத்து மைக்கேல் டீட்ஸ் 2017-ல சூழலியல் முன்கணிப்பு பத்தி ஒரு பாடநூலே எழுதினார். 2018-ல அவரும் மத்த ஆய்வாளர்களும் ஒரு கட்டுரையில வச்ச வாதம் இதுதான்: நாளைக்கு, அடுத்த வாரத்துக்குக் கணிப்பு சொல்லு, நடந்ததோட ஒப்பிடு, திருத்து, மறுபடி சொல்லு.

விருது யாருக்குப் போகுது?

மூணு பேரைச் சொல்றேன்.

ராபர்ட் மே, ஆஸ்திரேலியாக்காரர். ரசாயனப் பொறியியல் பக்கம் தொடங்கி, இயற்பியல்ல முனைவர் பட்டம் வாங்கி, அப்புறம் சூழலியலுக்கு வந்தவர். ஒரே ஒரு வரிச் சமன்பாட்டால ஓடுற உயிரின எண்ணிக்கைகூட தாறுமாறா ஆடலாம், தொலைதூரக் கணிப்பு உடைஞ்சு போகும்னு 1976-ல காட்டினார். 1996-ல கிராஃபோர்டு பரிசு. மேல சொன்ன ‘அடுத்த வாரத்துக்குச் சொல்லு’ங்கிற பேச்சுக்குக் கணித ரீதியா ஒரு காரணம் இதுல இருக்கு.

ஈ.சி. பீலூ, கணிதச் சூழலியலை ஒரு துறையா நிறுத்தினவங்கள்ல ஒருத்தர். வீட்டுல பிள்ளைகளை வளர்த்துக்கிட்டே, வழிகாட்டி யாரும் இல்லாம ஆய்வு பண்ணி, 1962-ல லண்டன் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினாங்க. இன்னைக்கு அமெரிக்கச் சூழலியல் கழகத்தின் புள்ளியியல் சூழலியல் பிரிவு, சிறந்த மாணவர் ஆய்வுரைக்குக் கொடுக்கிற விருது அவங்க பேர்லதான் இருக்கு.

மூணாவது நம்ம ஆள். ராமன் சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். யானை ஆராய்ச்சிக்குப் பேர் போனவர், 2006-ல ஜப்பானின் காஸ்மோஸ் பரிசு வாங்கினார். 1988-ல முதுமலைக் காட்டுல 50 ஹெக்டேர் பரப்பைக் குறிச்சு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் அளந்து, வருஷா வருஷம் உயிரோட இருக்கான்னு பார்க்கிற வேலையை அவர் குழு தொடங்குச்சு. அந்தப் பதிவு தமிழ்நாட்டு மண்ணுல இருக்கிற பெரிய சொத்து.

ஒருத்தர் கணிப்போட எல்லையைச் சொன்னார், ஒருத்தர் அளக்க முறை தந்தார், ஒருத்தர் விடாம எண்ணினார். மாடல் கட்டுறது மட்டும் இந்தத் துறை இல்ல.

சரி, நமக்கு வழி என்ன?

முதல்ல, லீவு போடாம வீட்டுல இருந்தே செய்யக்கூடியது. டீட்ஸ் குழுவோட தொடர்புள்ள சூழலியல் முன்கணிப்பு முனைப்பு 2021-ல தொடங்கின நியான் போட்டி. அமெரிக்காவுல 81 இடத்துல அளக்குற தரவை வச்சு ஏரி வெப்பநிலை, ஆக்சிஜன், இலை தளிர்க்கும் காலம், உண்ணி எண்ணிக்கை எல்லாம் கணிக்கணும். உலகத்துல எங்க இருந்தும், எந்தப் பட்டம் இருந்தாலும் கலந்துக்கலாம். ஆர், பைதான் எதுலயும் எழுதலாம். நிச்சயமின்மையையும் சேர்த்து அனுப்பணும். அடிப்படைக் கணிப்போட ஒப்பிட்டு மார்க் போடுவாங்க. ரெஸ்யூம்ல ‘ஆர்வம் உண்டு’ன்னு எழுதுறதைவிட இது கனமா நிக்கும்.

இன்னும் படிச்சுட்டு இருக்கீங்களா? மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப் இருக்கு. ரெண்டு மாசம் ஒரு ஆய்வகத்துல வேலை, உதவித்தொகையும் உண்டு. பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். கேட் தேர்வுல சூழலியலும் பரிணாமமும்னு தனித் தாளே இருக்கு. பெங்களூரு என்.சி.பி.எஸ்-ல காட்டுயிர் முதுகலைப் படிப்பு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் எடுக்குது. இளங்கலையில உயிரியல்தான் படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. கடல் பக்கம்னா, இன்காய்ஸ் வளாகத்துலயே யுனெஸ்கோ அங்கீகாரத்தோட ஒரு சர்வதேசப் பயிற்சி மையம் கடலியல் பயிற்சிகள் நடத்துது. தேதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், அவங்கவங்க தளத்துல பார்த்துக்கோங்க.

நம்ம தாமிரபரணிப் பக்கம், 2011-ல இருந்து ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் குளங்கள்ல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துது. ஜனவரியில தன்னார்வலர்கள் சேர்ந்துக்கலாம். ரெண்டு நாள் குளக்கரையில நின்னு எண்ணிப் பாருங்க. தரவு எவ்வளவு அழுக்கா பொறக்குதுன்னு எந்த கோர்ஸும் சொல்லித் தராத பாடம் கிடைக்கும்.

திரும்ப உவரிக்கு

இதெல்லாம் ஏன் முக்கியம்? சாளையை எடுத்துக்கோங்க. கேரளாவுல 2012-ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பிடிச்சாங்க. 2021-ல 3,500 டன்கூட இல்ல. இந்த எண்ணெல்லாம் நமக்குத் தெரியுதுன்னா, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் இறங்குதளத்துல நின்னு, மாதிரி எடுத்து, கணக்கு எழுதுறதாலதான். வந்து இறங்கின மீன் அதுல பதிவாகுது. ஆனா ‘அறிவிப்பை நம்பிப் போனேன், கிடைக்கல’ங்கிறது இறங்குதளத்துல எடை போடுற பொருள் இல்லையே.

பி.எஃப்.இசட் அறிவிப்பைச் சரிபார்த்த ஆய்வுகள் உண்டு. ஆனா அதுல ஒரு பொறி இருக்கு. மீன் கிடைச்சவர்தான் சந்தோஷமா சொல்வார். கிடைக்காதவர் வலையைக் காயப்போட்டுட்டு தூங்கப் போயிருவார். அதே நாள்ல வேற பக்கம் போன வள்ளத்துக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னும் தெரியணும். அது இல்லாம, அறிவிப்பு உதவுச்சா, இல்ல அன்னைக்குக் கடல் முழுக்கவே மீன் இருந்துச்சான்னு பிரிக்க முடியாது. இன்னொன்னு: சின்ன வள்ளமும் பெரிய விசைப்படகும் ஒரே வரியைப் படிக்குது. யார் முதல்ல போய்ச் சேருவாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

2017 நவம்பர் 30-ஐ இந்தக் கரை மறக்காது. ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் வந்தப்போ, நாலஞ்சு நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போனவங்களுக்கு எச்சரிக்கையைச் சேர்க்க வழி இல்ல. அதுக்கப்புறம் 2019-ல ஜெமினின்னு ஒரு கருவி வந்தது. மொபைல் டவர் எட்டாத கடல்லயும் சாட்டிலைட் வழியா புயல் எச்சரிக்கையும் மீன் அறிவிப்பும் ஃபோனுக்கு வரும். நல்ல முன்னேற்றம். ஆனா செய்தி ஒரு பக்கமாத்தான் போகும். கடல்ல இருக்கிறவர் அதுல பதில் அனுப்ப முடியாது.

"எழுதி வச்சு யாருக்கு அனுப்ப?" அந்த அண்ணன் கேட்டது சரியான கேள்வி. என்கிட்ட முழுப் பதில் இல்ல. அவர்கிட்ட நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டு கொடுத்துட்டு வந்திருக்கேன்: தேதி, அறிவிப்பு வந்ததா, அங்க போனீங்களா, கிடைச்சதா. போகாத நாளையும், வெறுங்கையோட வந்த நாளையும் கட்டாயம் எழுதச் சொல்லியிருக்கேன். "மூணு மாசம் பார்ப்போம் தம்பி"ன்னார். அறுபது எழுபது வரி சேர்ந்தா, மேல சொன்ன பிரையர் கணக்கைப் போட்டு முதல்ல அவர்கிட்டயே காட்டணும். அவர் பார்த்துட்டு ஒத்துக்கிட்டா, இன்காய்ஸுக்கு எழுதலாம்.

உங்க ஊர்லயும் ஏதோ ஒரு கணிப்பு தினமும் வந்துட்டுத்தான் இருக்கு. மழை, குளத்துத் தண்ணி, பூச்சித் தாக்குதல். ஒரு நோட்டு எடுத்து மார்க் போட ஆரம்பிங்க. என்ன எழுதுறீங்கன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.