வெளி வட்ட நட்டைத் தொடாதே! மலை ஏறும் மிலிட்டரி சக்கரத்தில் ஒளிந்திருக்கும் எமன்

கள்ளக்குறிச்சி:

சாயங்கால நேரம். ரோட்டோரப் பஞ்சர் கடை. ஒரு பழைய ஜீப் வந்து நிற்கிறது. நான்கு சக்கரமும் பட்டாளத்துச் சக்கரம். பச்சைப் பெயிண்ட் கூட இன்னும் முழுசாக உரியவில்லை.

"தம்பி, முன் சக்கரம் பஞ்சர். சட்டுனு பாத்துக் குடு. இருட்டுறதுக்குள்ள வெள்ளிமலை போகணும்."

பையன் ஜாக்கி கொடுக்கிறான். ஸ்பானரை எடுக்கிறான். சக்கரத்தைப் பார்த்ததும் முழிக்கிறான். இரண்டு வட்டமாக நட்டு இருக்கிறது! நடு வட்டத்தில் 5. அதைச் சுற்றி வெளி வட்டத்தில் 8.

எதைக் கழற்றுவது?

இது நாமாகச் சொல்லும் காட்சிதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பையன் தப்பாகப் பதில் கண்டுபிடித்தால், அவன் உயிர் அவன் கையில் இல்லை. நடு வட்டத்து 5 நட்டைக் கழற்றினால் சக்கரம் வண்டியை விட்டு வரும். அவ்வளவுதான். வெளி வட்டத்து 8 நட்டைக் கழற்றினால் சக்கரமே இரண்டாகப் பிளக்கும். உள்ளே காற்று இருந்தால், பிளந்த இரும்பு நேரே முகத்துக்கு வரும்.

"பஞ்சர்தானே, காற்று எங்கே இருக்கப்போகிறது?" என்று கேட்கலாம். சின்ன ஆணி குத்திய டியூப்பில் பாதிக் காற்று அப்படியே நிற்கும் என்பது எந்தப் பஞ்சர் கடைக்காரருக்கும் தெரியும்.

பட்டாளத்தில் ஏன் இப்படி?

சாதாரண டயரைச் சக்கரத்தில் பிடித்து வைத்திருப்பது எது? உள்ளே இருக்கும் காற்றுதான். காற்று டயரின் ஓரத்தை இரும்பு விளிம்போடு அழுத்திக்கொண்டே இருக்கிறது. காற்றுப் போனால் பிடிப்பும் போச்சு. டயர் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று சுற்றும். டியூப்பின் வால்வு பிய்ந்து வரும். கடைசியில் டயரே கழன்று ஓடும்.

சண்டை நடக்கும் இடத்தில் இது சரிப்பட்டு வருமா? குண்டு பட்டுக் காற்று இறங்கினாலும் வண்டி கொஞ்ச தூரமாவது ஓடித் தப்பிக்க வேண்டாமா? அதற்காகச் செய்த ஏற்பாடுதான் 'பீட் லாக்'. டயரின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே ஒரு இரும்பு வளையம். சக்கரத்தை இரண்டு பாதியாகச் செய்து, டயரை நடுவில் வைத்து, இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கினால், அந்த வளையம் டயரின் ஓரத்தை உள்ளிருந்து நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் டயர் அசையாது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் நடுவே அந்த ஜீப்புகளுக்கு இந்த இரண்டு பாதிச் சக்கரம் வந்தது. போர் முடிந்ததும் மிச்சம் மீதி எல்லாம் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்குப் போயின. இந்தியாவிலும் விற்றார்கள். பிறகு மகிந்திரா கம்பெனி ஜீப்பை இங்கேயே பூட்டி விற்க ஆரம்பித்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை ஜோங்கா வண்டி வந்தது. பட்டாளம் கழித்துப் போட்ட வண்டியும் சாமானும் ஏலத்தில் கைமாறி, பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேருவது இன்றைக்கும் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் அலைந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலை ரோட்டில் என்ன வேலை?

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே போனால் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி, அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

வெள்ளிமலைக்குத் தார் ரோடு உண்டு, பஸ்ஸும் உண்டு. ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால்தான் கதை வேறு. மழைக்குச் செம்மண் வழுக்கும். வெயிலுக்குக் கல்லு துருத்திக்கொண்டு நிற்கும். மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்குகிற டிரைவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

இந்த மாதிரி வழியில் ஒரு தந்திரம் உண்டு. டயரில் காற்றைக் குறைப்பது. 35 பவுண்டு இருக்கிற டயரை 15 பவுண்டுக்கு இறக்கினால், டயர் சப்பையாகி மண்ணில் அகலமாகப் பதியும். சேற்றில் புதையாது. கல்லின்மேல் வழுக்காமல் கவ்விக்கொண்டு ஏறும். ஆனால் காற்றை ரொம்பக் குறைத்தால் டயர் கழன்றுவிடுமே? அங்கேதான் பட்டாளத்துப் பீட் லாக் சக்கரத்தின்மேல் கண் விழுகிறது. மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் பூரா இதைத் தேடி வாங்குகிறார்கள்.

வாங்கட்டும். ஆசை தப்பில்லை. ஆனால் வாங்குகிறவர் ஒருவர், பஞ்சர் ஒட்டுகிறவர் இன்னொருவர். வாங்குகிறவருக்குச் சக்கரத்தின் சரித்திரம் தெரியும். பஞ்சர் கடைப் பையனுக்குத் தெரியாது.

உள்ளங்கையில் 5 சிமெண்ட் மூட்டை

காற்றுதானே என்று அலட்சியமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

35 பவுண்டு என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் 35 பவுண்டு அழுத்தம். உங்கள் உள்ளங்கை 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 சதுர அங்குலம். அதன்மேல் மட்டும் 560 பவுண்டு. ஏறக்குறைய 250 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஐந்தை அடுக்கி வைத்த மாதிரி!

இது ஜீப் டயர். லாரி டயருக்கு 100 பவுண்டு அடித்தால் அதே உள்ளங்கை இடத்தில் 700 கிலோவுக்கும் மேல். இந்தப் பலம் சக்கரம் முழுக்கச் சுற்றி நின்று, இரண்டு பாதியையும் பிரிக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தடுத்து நிறுத்துவது அந்த 8 நட்டு மட்டும். சில நட்டைக் கழற்றும்வரை ஒன்றும் நடக்காததுபோல் தோன்றலாம். அடுத்ததைத் திருப்பும்போது மிச்சம் இருக்கிற போல்ட் அறுந்துவிடலாம். தலையை நகர்த்தக்கூட நேரம் கிடையாது.

லாரிச் சக்கரமும் இதே ஜாதிதான்

ஜீப் இல்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். டியூப் டயர் போட்ட பழைய லாரிச் சக்கரத்தில் ஒரு பக்கம் இரும்புப் பட்டையும் லாக் ரிங்கும் இருக்கும். அதுவும் காற்றின் பலத்தில் உட்கார்ந்திருப்பதுதான். ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் பறக்கும். காற்றடிக்கும்போது பட்டை தெறித்து உயிர் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். செத்தவர் பெரும்பாலும் லாரி ஓனர் அல்ல.

அமெரிக்காவில் இதற்கென்றே 1980-ல் தனிச் சட்டவிதி கொண்டுவந்தார்கள். பல துண்டுச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது கம்பிக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஏர் குழாயின் முனை வால்வில் தானாகக் கவ்விக்கொள்ள வேண்டும், ஆள் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கக்கூடாது. மீட்டரும் கைப்பிடியும் தள்ளி இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ரிங்குக்குள் கடப்பாரையைக் கோத்து வைப்பது உண்டு, சங்கிலி சுற்றுவது உண்டு. ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை. கூண்டு ஆகாது. ஒரு வெல்டிங் பட்டறையில் நான்கு கனமான இரும்புக் குழாயை வளைத்துச் செய்கிற சாமான் அது. ஏன் எல்லாக் கடையிலும் இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

பூட்டுவது எப்படி?

சரி, வாங்கியாகிவிட்டது. பூட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால் அவசரம் ஆகாது.

முதல் வேலை வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றுவது. காற்றுச் சத்தம் நின்ற பிறகும் நம்பக்கூடாது. ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். மண் அடைத்திருந்தால் சத்தம் நிற்கும், காற்று நிற்காது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள லாரியானால் இரண்டிலும் காற்றை இறக்கிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

பிரித்த பாதிகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துரு எடுக்க வேண்டும். எத்தனை வருஷம் எந்த மழையில் கிடந்த இரும்போ! போல்ட் ஓட்டையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் தெரிந்தாலும் அந்தச் சக்கரம் பழைய இரும்புக் கடைக்கு. "வெல்டிங் வெச்சுக்கலாம்ணே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டயர் மாட்டியிருக்கும்போது சக்கரத்தில் வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். காற்று இல்லாவிட்டாலும் சூட்டில் டயர் உள்ளுக்குள்ளேயே வெந்து, அந்தப் புகை பற்றி வெடிக்கும்.

உள் வளையம் டயரின் அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். அகலம் அதிகமானால் இரண்டு பாதியும் ஒட்டாது. குறைந்தால் பிடிக்காது. வால்வு வரும் சந்தை நேர் பார்த்து வைக்காவிட்டால் டியூப் நசுங்கும். நட்டை வரிசையாக இறுக்காமல், எதிர் எதிராக, புள்ளிக் கோலத்தில் குறுக்கே கோடு இழுக்கிற மாதிரி மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இரண்டு பாதியும் சுற்றிலும் ஒன்றோடு ஒன்று ஒட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காற்று. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நட்டை மறுபடி சோதிக்க வேண்டும். அதையும் காற்றை இறக்கிவிட்டுத்தான்.

எல்லாச் சக்கரமும் எல்லா வண்டிக்கும் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வில்லீஸ் ஜீப்புக்கும் மாருதி ஜிப்சிக்கும் நடுவில் 5 ஓட்டை, ஐந்தரை அங்குல வட்டம். அமெரிக்கப் பட்டாளத்து ஹம்வீ வண்டிக்கு 8 ஓட்டை, ஆறரை அங்குல வட்டம். படத்தில் பார்த்து மயங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு, வந்து சேர்ந்ததும் தலையில் கை வைக்கக் கூடாது.

கிழங்கு வண்டிக்கு இது தேவையா?

வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பீட் லாக்கின் லாபமே காற்றைக் குறைத்து ஓட்டுவதில்தான். மூட்டை ஏற்றிய வண்டியில் காற்றைக் குறைத்தால் டயர் சூடேறிக் கிழியும். கூர் கல்லில் சப்பை டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கி நிற்கும், ஒரே கீறலில் போய்விடும். மலையில் குறைத்த காற்றை, கீழே இறங்கியதும் மறுபடி ஏற்றாமல் கள்ளக்குறிச்சி ரோட்டில் பறந்தால் ஆபத்து. வண்டியிலேயே காற்றடிக்கும் மெஷின் வேண்டும். சக்கரத்தின் கனமும் கூடுகிறது. சேராப்பட்டுக்கும் இன்னாடுக்கும் தினம் போய் வருகிற வண்டிக்கு நல்ல பட்டன் டயரும் சரியான காற்றும் போதும். பொழுதுபோக்குக்காக வெறும் வண்டியை ஓட்டுகிறவர் பூட்டிக்கொள்ளட்டும். அவரும் காப்புக் காட்டுக்குள் வண்டியை விட்டால் வனத்துறை சும்மா விடாது.

இன்னொரு வில்லங்கம் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியைக் கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எப்.சி.க்குப் போகும்போது கேள்வி வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தைத்தான்.

இத்தனைக்கும் பிறகும் பட்டாளத்துச் சக்கரம்தான் வேண்டும் என்கிறவர்கள் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். காற்று இருக்கும்போது தொடக்கூடாத நட்டுக்குச் சிவப்பு அடித்து வைக்கும் வழக்கம் ராணுவங்களில் உண்டு. வெளி வட்டத்து 8 நட்டுக்கும் அடியுங்கள். பக்கத்திலேயே, "காற்றை இறக்காமல் கழற்றாதே" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, வால்வு ஊசியை நீங்களே கழற்றிப் பையன் கையில் கொடுங்கள்.