உங்களுக்குத் தெரியுமா? பழைய காட்சிகளால் ஒப்பேற்றிய அத்தியாயம்

1966இல் தொடங்கிப் பல தொடர்களாகக் கிளைத்த அமெரிக்க அறிவியல் புனைவு வரிசையான 'ஸ்டார் டிரெக்'கின் மிக மோசமான அத்தியாயங்களுள் ஒன்றாக ரசிகர்கள் சுட்டுவது, 1989 ஜூலை 17 அன்று ஒளிபரப்பான 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆகும். அது 'கிளிப் ஷோ', அதாவது தமிழ் நெடுந்தொடர்களின் நினைவோட்டக் காட்சிகளைப் போல, முன்பே வந்தவற்றைக் கோத்துச் சிறிதளவு புதுக்காட்சி சேர்த்து ஒப்பேற்றப்படும் அத்தியாயம். அதில், நுண்ணுயிர்த் தொற்றால் நினைவிழந்த விண்கல அதிகாரி ரைக்கரின் மூளையை மருத்துவர் புலாஸ்கி ஊசிகளால் தூண்ட, பழைய காட்சிகளே அவர் நினைவுகளாக ஓடுகின்றன. கசப்பான நினைவுகளே கிருமியை விரட்டும் என்ற கற்பனை உண்மையில் அருமையானது, ஆயினும் அதற்கேற்ற கதை அமையவில்லை. 1988ஆம் ஆண்டின் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 22 அத்தியாயங்களாகச் சுருங்கிய, இந்த அத்தியாயம் இடம்பெற்ற பருவத்தில், முந்தைய அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்ட தொகையை மீறிச் செலவு வைத்திருந்தமையால், புதுக்காட்சிகள் மூன்றே நாள்களில் எடுத்து முடிக்கப்பட்டன.