ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்றா?

ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் எட்டு என்பதைத் தொடக்கப்பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, சில வேளைகளில் 53 என்று விடை கூறும். அவ்விரண்டையே கழிக்கச் சொன்னாலோ, 2 என்று சரியாகக் கூறிவிடும். கூட்டலில் பிறழும் மொழி கழித்தலில் பிறழாதிருப்பது ஏன்?

கணிப்பொறிக்கு 5 என்னும் எண் வேறு. மேற்கோள் குறிகளுக்குள் நிற்கும் "5" என்னும் எழுத்து வேறு. பின்னது வீட்டுக் கதவிலக்கம் போன்றது. பார்வைக்கு எண், பயனால் பெயர். இவ்விரு வகைகளும் கலந்து வந்தால், பைத்தான் மொழி பிழை என்று கூறிக் கூட்டாமல் நின்றுவிடும். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்டோ நிற்பதில்லை. நம்மைக் கேளாமலே வகையை மாற்றிக்கொள்கிறது. அம்மொழியில் கூட்டல் குறிக்கு இரு தொழில்கள் உண்டு: எண்களைக் கூட்டுதல், எழுத்துகளை ஒட்டுதல். ஒருபுறம் எழுத்து வந்தால் ஒட்டுதலே நிகழும். கழித்தல் குறிக்கு அத்தகைய இரண்டாம் தொழில் இல்லை. ஆதலின் எழுத்து எண்ணாகிறது.

ஒன்றுக்குச் சமமானவை தம்முள்ளும் சமம் என்பது யூக்ளிட் வகுத்த பொது உண்மை. இம்மொழியின் இரட்டைச் சமக்குறி அதற்கும் அடங்குவதில்லை. சுழியம் வெற்று எழுத்துத் தொடருக்குச் சமம். சுழியம் "0" என்னும் எழுத்துக்கும் சமம். ஆனால் அவ்விரண்டும் தம்முள் சமமல்ல! முதலிரண்டு ஒப்பீடுகளில் எழுத்து எண்ணாக மாறுகிறது. இறுதியில் இரண்டும் எழுத்தாதலால் மாற்றமே நிகழ்வதில்லை.

இஃது வேடிக்கை மட்டுமன்று. இணையப் படிவத்தில் நாம் நிரப்பும் மதிப்பெண்கள் பொதுவாக எழுத்துகளாகவே நிரலை அடைகின்றன. 40, 35 என்பவற்றைக் கூட்டினால் 4035 வரும். அதனைக் கண்டவுடன் பிழை புலப்படும். ஆனால் "100" என்பதையும் "35" என்பதையும் எழுத்துகளாக ஒப்பிட்டால், அகராதி முறைப்படி முதலெழுத்தே நோக்கப்படும். ஒன்று மூன்றுக்கு முந்தியதாதலால் 100 சிறியதாகிவிடும். தேர்ச்சிக்கு 35 போதும் என்றிருக்க, முழு மதிப்பெண் பெற்றவர் தோற்றவராவார்! நிரல் எச்சரிக்கை எதுவும் தராது.

இவ்விதிகளை இனி மாற்றுவதும் எளிதன்று. அவற்றை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் பழுதுபடும். ஆகவே, மாணவர்களே, நிரல் எழுதுங்கால் வெளியிலிருந்து வருவதை முதலில் நீங்களே எண்ணாக மாற்றுங்கள். வகையையும் சேர்த்து ஒப்பிடும் மும்மைச் சமக்குறியையே (===) வழங்குங்கள். இன்ன பொருள் இன்ன வகை என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பொறியின் ஊகத்துக்கு விட்டுவிடாதீர்கள்.